மறுகுரல்

காலை ஆறரை மணிக்கு ரெஜினா சாளை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அடுக்களைச் சுவரில் பதித்திருந்த, நேர்முகத் தேர்வுக்குப் பழக்கும் ஒத்திகைத் துணை அன்றைய முதல் கேள்வியைக் கேட்டது.

"உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருடன் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்."

ரெஜினா கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். மணிலாவிலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவன், சரக்கை இறக்கும் வரிசையை மாற்றச் சொல்லி அடம்பிடித்த கதை அது. நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படிகள். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அவள் ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் முடித்தாள்.

"நன்று. மறுகுரல்?"

"கேப்டன் ரோமுலோ. சம்மதம் வந்தாச்சு."

"இரண்டாம் சம்பவத்துக்கும் சம்மதம் வந்திருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. பதிவு முடிய ஐந்து நாட்கள் உள்ளன."

"தெரியும்," என்றாள் ரெஜினா. கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னாள்.

தூத்துக்குடியில் ஒரு தனியார் சரக்குத் தளத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கிரேன் கட்டுப்பாட்டறை மேற்பார்வையாளராக இருந்தவள் அவள். சென்ற பங்குனியில் தளம் முழுவதும் தன்னியக்கத் தூக்கிகளுக்கு மாறியது. பூங்கொத்தும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு தொழிலுக்குப் போக வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது கரைத்துணைவர் வேலை. கடல் ஏறி வரும் ஊர்களில் வீடு வீடாகப் போய், குடும்பங்களோடு பேசி, அவர்களை மேட்டுக் குடியிருப்புக்குப் பெயர்த்துக் கூட்டிவருகிற வேலை. இயந்திரக் குரல் சொன்னால் ஒருவரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை என்பதால், மனிதர்களுக்கென்று மிஞ்சியிருந்த சில வேலைகளில் அதுவும் ஒன்று.

முன்பெல்லாம் நேர்முகத் தேர்வில் சம்பவங்களை மட்டும் சொன்னால் போதும். பிறகு எல்லோர் வீட்டிலும் ஒத்திகைத் துணை வந்தது. அழகான கதைகளை அதுவே புனைந்து கொடுத்தது. ஒரே வெள்ளத்தில் ஒரே கிழவரை முந்நூறு பேர் காப்பாற்றிய கதையைக் கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்கள் சலித்துப்போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் மறுகுரல் சட்டம். நீங்கள் எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும், அதில் உங்களுக்கு எதிரில் நின்ற ஒருவரின் பெயரையும் தர வேண்டும். தேர்வின் நடுவிலேயே அவரை அழைத்து இரண்டு கேள்வி கேட்பார்கள். இவர் சொன்னபடி நடந்ததா? சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? அவர் முன்கூட்டியே சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். கோரிக்கைக்கு ஏழு நாள் பதில் இல்லையென்றால் அது மறுப்பாகவே கொள்ளப்படும்.

கரைத்துணைவர் பதவிக்கு மூன்றாம் சம்பவம் இன்னதென்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள்: உங்கள் முடிவால் ஒருவர் இழப்புக்கு ஆளான சம்பவம். ரெஜினாவின் வாழ்க்கையில் அதற்குப் பொருந்துகிற பெயர் ஒன்றே ஒன்றுதான். சுடலைமணி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், கட்டுப்பாட்டறையின் மூன்றாம் எண் மேசையிலிருந்து கிரேனை இயக்கிக்கொண்டிருந்த சுடலைமணி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். முப்பது டன் சரக்குப் பெட்டகம் அந்தரத்தில் ஊஞ்சலாடியது. கீழே இரண்டு பேர் நின்றார்கள். ரெஜினா ஓடிப்போய் அவசர நிறுத்தத்தை அழுத்தினாள். மாலையே அறிக்கை எழுதினாள். அவனுடைய இயக்குநர் உரிமம் போயிற்று. இதை அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் கடமையைச் செய்தேன் என்று முடிப்பாள். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

கோரிக்கை அனுப்பி இரண்டு நாளாகியும் அவனிடமிருந்து பதில் இல்லை. அன்று குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவள் நேரில் போவதென்று கிளம்பினாள்.

பழைய உப்பளங்களில் இப்போது கண்ணுக்கு எட்டியவரை ஒளித்தகடுகள். அவற்றின் மேல் படியும் உப்பைக் கழுவுகிற ஆட்களில் ஒருவனாகச் சுடலைமணி இருந்தான். தலையில் ஈரத்துண்டு, கையில் நீண்ட தூரிகை. அவளைப் பார்த்ததும் தூரிகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். நாற்பதுகூட ஆகாதவனின் முகம் வெயிலில் காய்ந்து கிடந்தது.

"வாங்க மேடம். நிழலுக்கு வாங்க."

தகடுகளுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தார்கள். அவன் தன் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"ஒரு கோரிக்கை அனுப்பியிருந்தேன் சுடலைமணி. பாத்தியா?"

"பாத்தேன்."

"பதில் வரல. அதான் நேர்ல..."

"நானும் உங்களுக்கு ஒண்ணு அனுப்புனேன் மேடம். நாலு வருசம் ஆச்சு. அதுக்கும் பதில் வரல."

ரெஜினாவுக்குச் சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த நாட்களில் மாதத்துக்கு இருபது, முப்பது கோரிக்கைகள் வரும். மேற்பார்வையாளர் என்றால் எல்லோருக்கும் அவளுடைய மறுகுரல் வேண்டும். நேரம் கிடைத்தபோது பார்ப்பாள். கிடைக்காதபோது அவை தாமாகவே மூடிக்கொள்ளும்.

"எதுக்கு அனுப்பியிருந்த?"

"பயணப் படகு ஓட்டுறதுக்கு ஆள் எடுத்தாங்க. உரிமம் போன கதையச் சொல்லாம அங்க நுழைய முடியாது. சொன்னா மறுகுரல் வேணும். உங்கள விட்டா வேற யாரு? வரலன்னதும் 'உறுதி செய்யப்படாதது'ன்னு போட்டுட்டாங்க. அப்புறம் ரெண்டு எடத்துல முயற்சி பண்ணேன். அதே கததான்."

அவன் குரலில் கோபம் இல்லை. சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"தப்புதான். நான் கவனிக்கல," என்றாள்.

"அது போவட்டும் மேடம். அன்னைக்கு நடந்ததச் சொல்லப் போறீங்கல்லா? எப்படிச் சொல்லுவீங்க?"

அவள் ஒத்திகையில் சொன்னபடியே சொன்னாள். நான்கு படிகள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"எல்லாம் உண்மைதான். ஆனா முந்தின நாள விட்டுட்டீங்களே."

"முந்தின நாளா?"

"என் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசத்துலயே பிள்ளை பொறந்துட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. ரெண்டு நாளு நான் கண்ண மூடல. உங்க மேசைகிட்ட வந்து, நாளைக்கு மட்டும் வேற ஆளப் போடுங்கன்னு கேட்டேன். நீங்க திரையப் பாத்துக்கிட்டே 'பாப்போம்'ன்னீங்க."

அப்படி நடக்கவில்லை என்று ரெஜினாவால் சொல்ல முடியவில்லை. நடந்ததாக நினைவும் இல்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே 'பாப்போம்' என்று சொல்வது அவளுடைய வழக்கம்தான். வீட்டில் மகள் ஜெனிலாகூட அதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

"அறிக்கையில காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'தெரியவில்லை'ன்னு எழுதியிருந்தீங்க. விசாரணையில படிச்சுக் காட்டுனாங்க. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல."

தூரத்தில் கூட வேலை செய்கிற ஒருவர் அவனைக் கூப்பிட்டார். சுடலைமணி எழுந்து துண்டை உதறினான்.

"சம்மதம் குடுக்குதேன் மேடம். ஆனா விட்டது உண்டான்னு கேப்பாங்க. கேட்டா நான் சொல்லிருவேன். அத இப்பவே சொல்லிட்டேன்."

"சொல்லுங்க," என்றாள் ரெஜினா. அவனிடம் அவள் மரியாதையாக 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. "பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கா. நாலாப்பு படிக்கா."

மாலையில் ரெஜினா தன் பழைய கோரிக்கைப் பட்டியலைத் திறந்து தேடினாள். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆடி மாதத்தில் அது இருந்தது. 'பதிலின்மை, மறுப்பாகக் கொள்ளப்பட்டது' என்ற முத்திரைக்குக் கீழே அவன் எழுதியிருந்த நாலு வரி.

'மேடம், நான் தூங்கியது உண்மை. அதை நானே சொல்லிவிடுவேன். ஏன் தூங்கினேன் என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும். உங்களுக்குத் தெரியும்.'

அவள் அதை நான்கைந்து தடவை படித்தாள். பிறகு ஒத்திகைத் துணையை அழைத்து, சம்பவத்தைப் புதிதாகச் சொன்னாள். இம்முறை முந்தின நாளும் இருந்தது. மூடிக்கொண்ட கோரிக்கையும் இருந்தது.

"தேர்ச்சி வாய்ப்பு எண்பத்து நான்கிலிருந்து நாற்பத்தொன்றாகக் குறைகிறது," என்றது துணை. "தகவல் பரிமாற்றத்தில் ஒரு சிறு இடைவெளி என்று குறிப்பிட்டால் எழுபது வரை உயரும். மறுகுரல் சொல்வதற்கு முன் நீங்களே அதைத் தொட்டுவிட்டதாகவும் அமையும்."

கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள் ஜெனிலா. கல்லூரி இறுதி ஆண்டு. அடுத்த வருடம் அவளும் இதேபோல் நேர்முகத் தேர்வில் உட்கார வேண்டியவள்.

"எம்மா, அது சொல்லுறதும் பொய் இல்லியே. அப்படியே சொல்லிட்டுப் போயேன். இந்த வேல உனக்கு எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியும்லா."

"இடைவெளி ஒண்ணும் இல்ல ஜெனி. அவர் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"எம்மா..."

"அதச் சுத்திவளச்சுச் சொன்னா திரும்பவும் 'பாப்போம்'ன்னு சொன்ன மாதிரிதான் இருக்கும்."

நேர்முகத் தேர்வு பத்து நாள் கழித்து நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தமயந்தி என்ற அம்மாள் முப்பது ஆண்டுகள் கரையோர ஊர்களில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். முதல் இரண்டு சம்பவங்களும் சிக்கலில்லாமல் போயின. கேப்டன் ரோமுலோ மணிலாவிலிருந்து சிரித்துக்கொண்டே பேசினார்.

மூன்றாவதை ரெஜினா படிகள் இல்லாமல் சொன்னாள். பெட்டகம் ஆடியதை, நிறுத்தியதை, அறிக்கை எழுதியதை. பிறகு முந்தின நாளை. காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியதை. கோரிக்கை வந்து மூடிக்கொண்டதை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் நிறுத்தவில்லை.

சுடலைமணியை அழைத்தார்கள். காற்று இரைச்சலோடு அவன் குரல் அறைக்குள் வந்தது.

"இவங்க சொன்னபடி நடந்ததா?" என்று கேட்டார் தமயந்தி.

"ஆமா. நடந்துச்சு."

"சொல்லாம விட்டது ஏதாவது உண்டா?"

ரெஜினா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு," என்றான். "அன்னைக்கு அவங்க நிறுத்தலன்னா ரெண்டு பேரு செத்திருப்பாங்க. நான் முழிச்சதும் திரையில முதல்ல பாத்தது கீழ நின்னவங்களத்தான். ஒருத்தன் அப்படியே உக்காந்துட்டான். உசுரோடதான் இருந்தான். அத நான் ஒம்பது வருசமா யாருகிட்டயும் சொன்னதில்ல. மேடம் மேல கோவமா இருக்கது அதவிட லேசா இருந்துச்சு. அவ்ளோதான்."

இணைப்பு அறுந்தது. ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. அவள் அதை மறைக்கவில்லை. தமயந்தி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு கேள்வி ரெஜினா. இதெல்லாம் உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"பத்து நாளைக்கு முன்னால."

"இந்த வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கலேன்னா?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் வந்ததே இல்லை.

"தெரிஞ்சிருக்காது," என்றாள்.

முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. தேர்வாகவில்லை. வழக்கமான இரண்டு வரிக்குக் கீழே தமயந்தி தானே எழுதியிருந்தார். 'நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அது எளிதல்ல. ஆனால் நாங்கள் அனுப்புகிற ஆள், எதிரில் நிற்பவர் சொல்வதை அன்றைக்கே கேட்பவராக இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள். வருவீர்கள் என்று நம்புகிறேன்.'

ரெஜினா அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, துறைமுக வாசலில் ஒரு கடையில் கணக்கில்லாமல் தேங்கிக் கிடந்த பொட்டலங்களைப் பிரித்து அடுக்குகிற தற்காலிக வேலைக்குப் போனாள். ஜெனிலா இரண்டு நாள் அம்மாவிடம் அதிகம் பேசாமல், சாயந்தரம் மட்டும் அவள் வீடு திரும்புமுன்பே சோறு வடித்து வைத்தாள்.

புரட்டாசி இரண்டாம் வாரம் ஒரு கோரிக்கை வந்தது. சுடலைமணி மறுபடியும் படகுப் பணிக்கு விண்ணப்பித்திருந்தான். வந்த நிமிடமே ரெஜினா சம்மதம் கொடுத்தாள். தேர்வு நாளன்று கடையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சத்தமில்லாத இடமாகப் பார்த்து மாதா கோவில் வளாகத்தில் உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. இரண்டு கேள்விகளும் வந்தன. பொதுவாக ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம். அவள் இருபது நிமிடம் பேசினாள். அவன் எப்படி வேலை செய்தான், அந்த வாரம் என்ன நடந்தது, தான் என்ன எழுதியிருக்க வேண்டும், அதை எழுதாததால் அவனுக்கு எத்தனை ஆண்டு போயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்முனையில் யாரோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நான்கு நாள் கழித்து, அவள் பொட்டலங்களுக்கு நடுவில் நின்றிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"மேடம், கெடச்சிட்டு."

"ரொம்பச் சந்தோசம் சுடலைமணி. வீட்ல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. பிள்ளை படகுல எப்பக் கூட்டிட்டுப் போவன்னு இப்பவே கேக்கா." அவன் சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கவே இல்லியே."

"கெடைக்கல."

"நான் பேசுனது எதுவும்..."

"இல்ல. நீங்க பேசுனது இல்ல. அது என்னோடதுதான்."

"திரும்ப எழுதிப் போடுவீங்களா?"

"போடணும். தையில தேர்வு வைப்பாங்களாம்."

"தையில நான் கடல்லதான் கெடப்பேன்," என்றான் சுடலைமணி. "கெடந்தா என்ன. தேதி தெரிஞ்சதும் சொல்லுங்கக்கா. படக ஓரமா நிறுத்திட்டுப் பேசுதேன்."