நீளம்: வரம்பில்லை

தூத்துக்குடி சாட்சியகத்தில் காலை ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். வந்தவர் கண்ணாடி அறையில் உட்கார்வார், பதிவு ஊழியர் பொற்கொடி பொத்தானை அழுத்துவாள், அவர் பேசுவார். சரியாகத் தொண்ணூறு விநாடியில் ஒலிக்கோப்பு மூடிக்கொள்ளும். பிறகு அடுத்தவர்.

வசதியுள்ளவர்கள் வக்கீல் வைத்து நாள்கணக்கில் பேசுகிறார்கள், மற்றவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை என்ற புகாரில் பிறந்த சட்டம் அது. எல்லோருக்கும் ஒரே நீளம், ஆளுக்கு ஒரே கோப்பு. தீர்ப்புப்பொறி கேட்டு முடிவு சொல்லிவிடும். பதினோரு ஆண்டுகளாக எந்த அதிகாரியும் ஒரு சாட்சியத்தையும் காதால் கேட்டதில்லை.

அன்று வந்த மிக்கேல் மீன் பதன ஆலைத் தொழிலாளி. அங்கே அம்மோனியா கசிந்து அவர் மனைவி ஜெசிந்தா இறந்திருந்தாள். அவள்தான் வால்வைத் திறந்துவிட்டாள் என்று ஆலை தன் கோப்பில் சொல்லியிருந்தது. மிக்கேலுக்குத் திக்குவாய்.

"எ... எம் பொண்டாட்டி... ஜெ... ஜெ..."

பெயர் வருவதற்குள் மணி அடித்துக் கோப்பு மூடியது. மிக்கேல் எழவில்லை.

"நா... நான் இன்னும் சொ... சொல்லவே இல்லியே."

"ஆளுக்கு ஒரு கோப்புதான் அண்ணாச்சி."

"அப்ப ஆள் விட்டு என்னத் தூ... தூக்குங்க. நானா போவ மாட்டேன்."

பொற்கொடி திரையைப் பார்த்தாள். அமைப்புகளில் 'கோப்பு நீளம்' என்றொரு கட்டம் உண்டு. அதைத் தொடமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருந்தாள். மூடிய கோப்பை நீக்கினாள். தொண்ணூறை அழித்து, 'வரம்பில்லை' என்று மாற்றினாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. இப்ப மணி அடிக்காது."

மிக்கேல் நாற்பத்தொரு நிமிடம் பேசினார். வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தீர்ப்புப்பொறி கோப்பை ஏற்கவில்லை. அதிகாரி அருள்நம்பி மாடியிலிருந்து ஓடிவந்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? வேலை போயிரும், தெரியும்லா?"

"தெரியும் சார். ஆனா பொறி ஏத்துக்காத கோப்ப அதிகாரி முழுசா கேக்கணும்னு விதி இருக்கு. இங்க நீங்கதான் அதிகாரி."

அவருக்கும் அந்த விதி தெரியும். காதொலிப்பானை மாட்டினார். இரண்டாம் நிமிடத்திலேயே விரல் திரையில் முன்னோக்கி நகர்ந்தது.

"ஓட்டாதீங்க சார். முழுசான்னா முழுசாத்தான்."

விரல் நின்றது. வால்வின் கைப்பிடி மூன்று மாதம் முன்பே உடைந்ததையும், அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்ததையும், ஜெசிந்தா அதை மூடத்தான் உள்ளே ஓடினாள் என்பதையும் அருள்நம்பி கேட்டார். முடிந்ததும் மிக்கேலிடம் திரும்பினார்.

"கம்பி கட்டச் சொன்னது யாரு?"

மிக்கேலுக்குப் பதில் வர வெகுநேரமானது. அருள்நம்பி குறுக்கிடவில்லை.

மாலையில் இரண்டு ஆணைகளில் அவர் கையெழுத்திட்டார். ஒன்று ஆலை மீதான நேரடி விசாரணைக்கு. மற்றது பொற்கொடியின் பணிநீக்கம். அவள் அதைப் படித்துப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராக வெளியே நடந்தாள்.

மறுநாள் பொற்கொடியின் இருக்கையில் புதியவர் ஒருவர் இருந்தார். முதல் நாள் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி சுடலி, இன்று முதல் ஆளாக வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். புதியவர் பொத்தானை அழுத்தியும் அவள் பேசவில்லை.

"நேரம் ஓடுதும்மா. பேசுங்க."

"மொதல்ல அந்த நீளத்த மாத்துங்க," என்றாள் சுடலி. "அப்புறம் பேசுதேன்."