பதினேழாம் எண் பயணி

மண்பானையில் தண்ணீர் நாலு விரற்கடை குறைந்திருந்தது.

எழுபத்தைந்தாம் வருஷக் கோடை. அடையாற்றில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் விடிவதற்கு முன் கால் மணி நேரம், காற்றும் துருவுமாக இருமிக்கொண்டு வந்து நின்றுவிடும். பித்தளை அண்டாவில் எவ்வளவு, தவலையில் எவ்வளவு, பானையில் எவ்வளவு என்று எல்லா வீட்டிலும் மனப்பாடமாகத் தெரிந்திருந்த காலம் அது. ஆகவே காலையில் பல் தேய்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்த ஸ்ரீரங்கன் பானையின் மூடியைத் தூக்கியதுமே கவனித்தான். ராத்திரி படுக்கும்போது கழுத்துவரை இருந்தது. பானைக்கு வெளியே ஈரமில்லை. தரை உலர்ந்து கிடந்தது. வெட்டிவேர் வாசனையோடு வேறொரு வாசனையும், பறவைகளின் எச்சம் வெயிலில் காய்வதுபோல, ஒரு கணம் வந்து போயிற்று.

"ஏன்னா, ராத்திரி எழுந்துண்டு தீர்த்தம் குடிச்சேளா?" என்றாள் நீரஜா. அவளுக்கு ஏழாம் மாசம். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நான் எழுந்துக்கவே இல்லையே. நீதான் குடிச்சிருப்பே. ரெண்டு பேருக்குக் குடிக்கறவளாச்சே."

"நன்னாயிருக்கு. தானும் குடிச்சுட்டு வயத்துல இருக்கறது மேலயும் பழியைப் போடுங்கோ."

அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை ஆறு விரற்கடை குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் பானை பாதியாகிவிட்டது. நீரஜா தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் புஷ்பத்திடம் கேட்டாள். ஊரூர்க் குப்பத்திலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து மாடியேறி வருகிறவள் அவள்.

"இன்னாமா சொல்ற? நான் கொறச்சு ஊத்துறனா?" புஷ்பம் சும்மாட்டை உதறினாள். "கோயி கூவுறதுக்கு மின்னாடிலேந்து கெணத்தாண்ட நின்னுகினு கீறேன். வாய் வரைக்கும் ரொப்பிக்கினு வரேன். உங்கூட்டு அண்டாவுக்கு வவுறு கீது போல. அதான் குட்ச்சிட்டு உக்காந்துகினு கீது."

"அண்டாவுக்கு மசக்கையோ என்னமோ, புஷ்பம்."

"அப்ப அதுக்கும் ஒரு மாங்கா வாங்கிக் குடு."

பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குறைய ஆரம்பித்தது என்றைக்கு என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் கப்பலிலிருந்து இறங்கி வீடு வந்த மறுநாள் காலையில்.

'ஸீ லார்க்' சிறிய கப்பல்தான். முப்பத்திரண்டு பயணிகள், அவர்களுக்குப் பணிவிடை செய்ய முப்பது பேர். குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்களில் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்காத தீவுகளைச் சுற்றி வரும். வெள்ளைக்காரர்கள், பம்பாய் மில் முதலாளிகள், பணக்கார விதவைகள். அறைக்கு அறை கம்பளம். மத்தியானம் ஐஸ் படுக்கையில் சிங்கி இறால். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோய்ச் சீட்டாடப் போகிறவர்களும் அதில் உண்டு. ஸ்ரீரங்கன் அதில் உதவிப் பர்சர். பயணிகளின் பட்டியல், பாஸ்போர்ட்டு, அவர்கள் கரையில் இறங்குவது ஏறுவது எல்லாம் அவன் பொறுப்பு.

இறங்கும் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு தேக்குப் பலகை. அதில் முப்பத்திரண்டு கொக்கிகள், முப்பத்திரண்டு பித்தளை வில்லைகள். தீவுக்குப் போகிறவர் தம் எண்ணுள்ள வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படகில் இறங்குவார். திரும்பியதும் மாட்டிவிட வேண்டும். பலகை நிறைந்தால்தான் நங்கூரம் மேலே வரும். ஆனால் பயணிகள் மறந்துவிடுவார்கள். வில்லையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நேரே குளிக்கப் போய்விடுவார்கள். போய்க் கதவைத் தட்டினால் முகம் சுளிப்பார்கள், கேப்டனிடம் புகார் சொல்வார்கள். அதனால் ஸ்ரீரங்கன் எல்லா எண்ணுக்கும் ஒரு மாற்று வில்லை செய்து இழுப்பறையில் வைத்திருந்தான். கொக்கி காலியாக இருந்தால் மாற்றை மாட்டிவிடுவான். சாப்பாட்டு வேளையில் பயணியிடம் சிரித்துப் பேசி அசலை வாங்கிக்கொள்வான். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஒரு தவறும் வந்ததில்லை.

கடைசிப் பயணத்தில், முட்டைத் தீவில் ஒருநாள் பிற்பகல் காற்று திரும்பியது. மாலுமிகள் வைத்த பெயர் அது. முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு செடி கிடையாது. ஊற்று கிடையாது. வெள்ளைப் பவளப் பாறையும், அதன்மேல் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக் கத்தும் கடற்பறவைகளும்தான். கேப்டன் மூன்று முறை ஊதினார். பலகையில் பதினேழாம் கொக்கி மட்டும் காலி. மிஸ் ஆல்டன். எழுபது வயது, தனியாக வந்தவள், வலது காலைச் சற்று இழுத்து நடந்து பறவைகளைப் படம் வரைகிறவள். நாலு நாளாக ஒரு தடவைகூட அவள் வில்லையை ஞாபகமாக மாட்டியதில்லை.

ஸ்ரீரங்கன் இழுப்பறையைத் திறந்தான்.

மறுநாள் காலை அவள் அறை வாசலில் தேநீர்த் தட்டு தொடாமல் இருந்தது. உள்ளே படுக்கை கலையவில்லை. கேப்டன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது நாக்கு தானாகப் பேசியது. "ராத்திரி பத்து மணிக்கு மேல்தளத்துல, கைப்பிடி ஓரமா நிக்கறதைப் பாத்தேன், சார்." ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்காகக் கப்பல் ஒன்றரை நாள் நடுக்கடலில் வட்டமிட்டுத் தேடியது. தீவை யாரும் நினைக்கவில்லை. பலகைதான் நிறைந்திருந்ததே.

அவளிடம் ஒரு சின்னக் குடுவை இருந்தது. படகில் இறங்கும்போது தோளில் மாட்டியிருந்தாள். எத்தனை வாய் தண்ணீர் பிடிக்கும் அதில்? ஸ்ரீரங்கன் ராத்திரிகளில் அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

அண்டாவின் உட்புறம் பென்சிலால் கோடு போட்டான். மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தான். காலையில் குழவி வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

பிறகு மற்றவை. கொடியில் பிழிந்து போட்ட புடவை கால் நாழிகையில் அப்பளமாக விறைத்தது. துளசித் தொட்டியின் மண் வெடித்தது. வீட்டுக்காரர் தோட்டத்துக் கிணற்றில் வாளி தட்டென்று பாறையில் இடித்தது. எல்லாவற்றையும் எழுதிவிடுவோம் என்று ஒரு மத்தியானம் பேனாவைத் திறந்தான். மூடி இறுக்கமாக இருந்த மைப்புட்டியின் அடியில் நீலப் பொடி மட்டும் இருந்தது.

அன்று புஷ்பம் நீரஜாவுக்கென்று இரண்டு இளநீர் கொண்டுவந்தாள். வாசற்படியில் குந்தி அரிவாளால் சீவினாள். கண் திறந்தது. கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னாடா இது." குலுக்கிப் பார்த்தாள். அடுத்ததைச் சீவினாள். அதுவும் அப்படியே. இரண்டாகப் பிளந்தாள். "கொட்டிவாக்கத்துத் தோப்புல என் கண்ணெதிர்லதான் பறிச்சான். கனமாத்தான் தூக்கிக்கினு வந்தேன், நைனா. பாரேன், உள்ள." வெள்ளை வழுக்கை பளபளவென்று சுத்தமாக இருந்தது. புஷ்பம் குரலைத் தணித்தாள். "நக்கி வெச்சா மாதிரி கீது."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் முதலில் வந்தது பயமல்ல, ஒரு வகை ஆறுதல். மிஸ் ஆல்டன் குடிக்கிறாள். அப்படியானால் உயிரோடிருக்கிறாள். இங்கே குறைகிற ஒவ்வொரு விரற்கடையும் அங்கே அவள் தொண்டையில் இறங்குகிறது. அப்படியிருக்கும்போது இன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லி, கையில் விலங்கு மாட்டிக்கொள்ள என்ன அவசரம்? பிரசவம் ஆகட்டும். குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

அன்று மாலையிலிருந்து பின்கட்டு மாடத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தான்.

"காக்காய்க்கா?" என்றாள் நீரஜா, வாடகை நூலகத்து மொழிபெயர்ப்பு நாவலிலிருந்து தலை நிமிர்த்தாமல். பனி கொட்டும் ஊர்க் கதை. இந்த வெயிலுக்கு அதைப் படித்தால் உடம்பு குளிர்கிறது என்பாள்.

"ஆமா."

திரும்பிப் பார்ப்பதற்குள் சொம்பு காலி. மறுபடி நிரப்பினான். மறுபடி காலி. அந்தக் கிழவிக்குப் போதவில்லை. சொம்பு குடமாயிற்று. குடம் இரண்டாயிற்று. நீரஜாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. தம்ளர் தம்ளராகக் குடித்தாள். "ஏழு தம்ளர் ஆச்சுன்னா. குடிச்ச மாதிரியே இல்லை. நாக்கு அட்டையா ஒட்டிக்கறது." அவள் புறங்கைத் தோலை நிமிண்டிவிட்டால் அது கிள்ளிய மேனிக்கே நின்றது. திரும்பிச் சமனாகவில்லை.

பதினோராம் நாள் காலை ஸ்ரீரங்கன் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

கம்பெனி அலுவலகம் தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், ஒரு மாடியில் இருந்தது. சுவரெல்லாம் நீலக்கடல் படங்கள். மேலாளர் ஷரஃபுதீன் நல்ல மனிதர். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி. இன்னா இப்படி வத்திப் போயிட்டீங்க? வீட்ல சௌக்கியமா?"

"இருக்கா, சார்."

"உங்க ஸ்டேட்மெண்டு டைப் பண்ணி ரெடியா இருக்கு. ஒரு கையெழுத்துதான். ஆனா ஒண்ணு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மனசு கேக்கல. நாளைக்கு ஒரு சரக்குக் கப்பல் அந்தப் பக்கமாப் போவுது. கேப்டன் நம்ம ஆளு. தீவுல ஒரு எட்டு இறங்கிப் பாருய்யான்னா பாப்பான். ஒருநாள் சுத்து அவனுக்கு. நீங்க சொல்லுங்க. உங்க போர்டு நிறைஞ்சுதானே இருந்தது?"

மின்விசிறி சுற்றியது. ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள்: இல்லை, சார். கண்முன் காக்கிச் சட்டைகள் வந்தன. மருத்துவமனை வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும் நீரஜா வந்தாள்.

"நிறைஞ்சுதான் இருந்தது, சார்."

"அப்ப வேணாம். பாவம், கடலுக்குப் போனவதான்." ஷரஃபுதீன் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

கையெழுத்துப் போட்டான். எழுத்து வழக்கம்போல் நேராக விழுந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடையாறு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை இருக்கும். தெரு வெள்ளையாக எரிந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் மட்டும். உள்ளே நீரஜா ஜன்னலோரம் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். நாவல் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு.

"ஒரு அதிசயம் சொல்லட்டுமா? இன்னிக்கு ஆத்துல தீர்த்தம் குறையறது நின்னுடுத்துன்னா. போய்ப் பாருங்கோ."

பார்த்தான். அண்டாவில் தண்ணீர் பென்சில் கோட்டில் நின்றது. பானை கழுத்துவரை இருந்தது. மாடத்துச் சொம்பு விளிம்பு தட்டி, ஆடாமல் அசையாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு எறும்பு அதில் மிதந்தது.

முடிந்தது. அங்கே முடிந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சுவரில் சாய்ந்தான். அந்தக் கிழவிக்காக ஒரு துளி அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க இறகுபோல இலேசாக இருந்தது. பானையிலிருந்து மொண்டு வயிறு நிறையக் குடித்தான். வெறும் தண்ணீர். வெட்டிவேர் வாசனை. வேறொன்றும் இல்லை.

"எப்போலேர்ந்து குறையலை?"

"காலம்பற நீங்க பஸ்ஸுக்குப் போனேளே, அப்போ கூட ஒரு குடம் போச்சு. சாப்பிட்டு அலம்பறச்சே பாத்தேன், நின்னுடுத்து. பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும்."

அவன் கையெழுத்துப் போட்டது பதினொன்றேகால்.

"இங்க வாங்கோளேன்." நீரஜா கையை நீட்டினாள். அவன் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இதுதான் அப்போலேர்ந்து அசையவே மாட்டேங்கறது. எப்பவும் சாப்பிட்டதும் துள்ளும். தூங்கறதோ என்னமோ. காதை வச்சுக் கேளுங்கோ."

அவன் குனிந்தான். புடவைத் தலைப்பை விலக்கி அவள் வயிற்றில் காதை வைத்தான். சூடு. வியர்வை இல்லாத, காகிதம்போல் உலர்ந்த தோல். அவள் விரல்கள் அவன் தலைமயிரைக் கோதின. வளையல் சத்தம். வெளியே கடல் எங்கோ தொலைவில்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு.

மடக்.

நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்.

மடக்.

அவசரமில்லை. நிறைய இருக்கிறது என்று தெரிந்தவர் குடிப்பதுபோல. வயதானவர்கள் குடிப்பதுபோல. ஒரு வாய். நிறுத்தம். இன்னொரு வாய்.

"என்ன கேக்கறது?" என்றாள் நீரஜா சிரித்துக்கொண்டே.

அவன் தலையை எடுக்க முயன்றான். முடியவில்லை. அவள் விரல்கள் மெல்லக் கோதிக்கொண்டே இருந்தன. காதுக்கடியில், அந்தத் தோலுக்கு அப்பால், மிக அருகில், ஒரு கிழத் தொண்டை இளைப்பாறி மூச்சு வாங்கியது. உதட்டை நக்கிக்கொண்டது.

மறுபடி குனிந்து குடிக்க ஆரம்பித்தது.