பட்டியலில் மிஞ்சிய ஒரு பெயர்

முதல் ஷிப்ட் விட்ட நேரம். மெயின் பஜார் செல்போன் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் விஜயராஜ், உடைந்த போனோடு ஒரு கிரேன் ஆபரேட்டர், ரிப்பேர் மேசையில் சுதாகர். அப்புறம்... மழையில் முக்கால்வாசி நனைந்து உள்ளே வந்த ஒருத்தி.

"பொறந்தநாள் ஆப்புல இந்தக் கடை அட்ரஸ் இருக்கு. அத செஞ்சது யாருங்க?"

சுதாகர் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"நான்தாங்க."

"யாருக்கு எப்போ பொறந்தநாள்னு அதுல பாத்து, முந்தின நாளே போன் போட்டு கேக் ஆர்டர் புடிப்பேன். காலையிலருந்து ஒரே ஒரு பேரத் தவிர எல்லாம் காணோம்."

"நான் எடுக்கலங்க. உங்க ஃப்ரெண்ட்ஸோட பொறந்தநாள வெளி ஆப் எதுவும் படிக்கக் கூடாதுன்னு, அவங்க எல்லாரும் இருக்கற அந்த சோஷியல் மீடியா சைட்டுக்காரனே நிறுத்திட்டான்."

"அப்போ இது?"

போனை நீட்டினாள். திரையில் ஒரே பெயர். மலர்விழி. நாளை.

"அது உங்களோடது. நீங்களே அனுமதி குடுத்தது. அதனால நிக்கிது."

"நான் எப்போ குடுத்தேன்?"

"ஆப் மொதல்ல கேட்டப்போ 'சரி'ன்னு அழுத்தினீங்க."

"யாரு படிச்சிட்டு அழுத்துறாங்க?" சட்டென்று குரல் இறங்கியது. "அப்போ என் பேரு, படம்... பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"பாத்தேன்."

"வேலைய வுட்டுட்டு அதையேதான் பாத்துகினு கெடந்தான்மா" என்றார் விஜயராஜ்.

கிரேன் ஆபரேட்டர் கூரையைப் பார்த்தார். மலர்விழியின் முகம் சிவந்தது. வெட்கத்தில் அல்ல.

"ஆப்புக்குத்தான் சரின்னேன். உங்களுக்கு இல்ல."

திரும்பிப் படியிறங்கினாள். போய்விடுவாள்... இனி வரவே மாட்டாள்... சுதாகர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

"நில்லுங்க. செட்டிங்ஸ் போங்க. அங்க என் ஆப் இருக்கும், நீக்கிடுங்க. என்கிட்ட இருக்கறதையும் உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுறேன்."

கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே இரண்டு போன்கள், இரண்டு தலைகள். அவள் நீக்கினாள். அவன் அழித்தான்.

"இப்போ என்னப்பத்தி உங்ககிட்ட எதுவும் இல்ல?"

"ஒண்ணுமில்லங்க."

"நாளைக்கு என்ன நாளு?"

"தெரியாதுங்க."

"பொய்." உதட்டில் வந்த சிரிப்பை விழுங்கினாள்.

"மண்டையில இருக்கறத அழிக்க வழி தெரியல." அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். "கேக்காம பாத்தது தப்பு. இப்போ கேக்குறேன்... உங்களப் புடிச்சிருக்குங்க. உங்ககூட பேசலாமா?"

மழை இரைந்தது. அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். ஒருமுறை... மறுபடியும்...

"திட்டணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துகினு வந்தேன். உங்களப் பாத்ததும் பாதி மறந்து போச்சு. அதுலதான் இன்னும் கோவம்."

"மீதிப் பாதிய?"

"தெனம் கொஞ்சம் திட்டுறேன்."

சுதாகர் சிரித்துக்கொண்டே கடைக்குள் திரும்பினான். கண்ணாடிக் கதவு அவன் மூக்கருகே வந்து மூடியது. உள்ளிருந்து விஜயராஜ், "இன்னிக்கு உனக்கு லீவுடா. அந்தப் பொண்ண பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயி வுடு" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.