நான்கு விரல் குறைவு

கம்பி அடி வரை போகவில்லை.

ஜிலாலி அதை வெளியே உருவி, துணியால் துடைத்து, மறுபடியும் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் விட்டான். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு இறங்கிய கம்பி மெத்தென்று எதன் மேலோ உட்கார்ந்தது. வெடிமருந்து கெட்டிக்கிற அந்தக் கம்பியில் அவன் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தான். குழல் காலியாக இருந்தால் நூல் குழல் வாயோடு சரியாக நிற்கும். இப்போது நான்கு விரல் மேலே நின்றது.

உள்ளே மருந்து இருக்கிறது. நேற்று இந்தத் துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

மற்ற பதினான்கையும் காலையிலேயே முடித்துவிட்டான். ஒவ்வொன்றின் குழலிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கறுப்பாக வந்தது வெளுக்கும்வரை கழுவி, சணல் நாரால் உலர்த்தி, ஆலிவ் எண்ணெய் தடவிச் சுவரோரம் சாத்தியிருந்தான். முற்றம் முழுக்கக் கழுவிய மருந்தின் அழுகிய முட்டை நாற்றம். மனைவி ரக்கியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விழாத் திடலுக்குப் போய்விட்டாள். இன்று மூன்றாம் நாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடைசிச் சுற்றுகள்.

தலைவன் கூப்பாடு போட்டதும் பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையில் பாய்ந்து வந்து, திடலின் முடிவில் பதினைந்து பேரும் சேணத்தில் எழுந்து நின்று சுடவேண்டும். கேட்பது ஒரே வெடியாக இருக்கவேண்டும். ஒருத்தன் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் போச்சு, மானம் கப்பலேறிவிடும். அந்தச் சத்தத்திலும் புகையிலும் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பது சுட்டவனுக்கே தெரியாது. தெரியாமல் பழைய மருந்தின் மேலேயே புது மருந்தைப் போட்டுக் கெட்டித்தால் குழல் முகத்துக்கு நேராகப் பிளக்கும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கம்பி விட்டுப் பார்க்கவேண்டும். பதினைந்து பேரில் அப்படிப் பார்ப்பவன் ஜிலாலி ஒருவன்தான். தலைவன் புவஸ்ஸா பார்ப்பதெல்லாம் பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூடாரத்தை.

இது புவஸ்ஸாவின் துப்பாக்கி.

வசந்த காலம்வரை இது ஜிலாலியின் மாமனார் ஹாஜி கப்பூருடையது. குழலைச் சுற்றிப் பதினோரு வெள்ளிப் பட்டை, கட்டையில் ஒட்டக எலும்புப் பூவேலை. பதினேழு வருஷம் இதைக் கழுவித் துடைத்தவன் ஜிலாலி. கிழவருக்கு முழங்கால் போனதும், தலைவன் இடமும் துப்பாக்கியும் மருமகனுக்குத்தான் என்று ஊரே சொன்னது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, ஹாஜி அதைத் தூக்கித் தன் தம்பி மகன் புவஸ்ஸாவின் மடியில் வைத்தார்.

“உன் கை தங்கக் கை, ஜிலாலி. இல்லைன்னு சொல்லல” என்றார். “ஆனா முன்னால போறவனுக்குக் குரல் வேணும்ல? புவஸ்ஸா கூப்பிட்டா குதிரைக்கே ரோமம் சிலிர்க்குது. நீ கூப்பிட்டா சந்தையில ஆடு விக்கிற மாதிரி இருக்குப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். ரக்கியாவும் சிரித்தாள். ஜிலாலியும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வயிறு எரிகிறது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க அவனாலேயே முடியவில்லை. தீவனக் கடையில் ஆள் இல்லாத மதியங்களில், மூட்டைகளுக்கு நடுவே நின்று அந்தக் கூப்பாட்டைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்ப்பான். ஆடு விற்கிற மாதிரிதான் இருக்கும்.

செய்யவேண்டியது சின்ன வேலை. குழலில் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்து, கம்பி நுனியில் திருகுமுள்ளை மாட்டிக் கிளறி எடுத்தால் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. மற்றவர்களுக்கு இரண்டு தடவை செய்து கொடுத்து, வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறான். இன்று கெட்டிலைத் தூக்கியவன் அப்படியே கீழே வைத்தான். கை வைத்துச் செய்தால்தானே பாவம். நான் எதையும் செய்யப்போவதில்லை. சும்மா இருக்கப்போகிறேன், அவ்வளவுதான்.

கைப்பேசி அடித்தது. புவஸ்ஸா.

“மச்சான், மணப்பொண்ணு குளிச்சாச்சா?”

துப்பாக்கியைத்தான் அப்படிக் கேட்கிறான். “குளிச்சாச்சு” என்றான் ஜிலாலி. பொய் இவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

“யார்கிட்டயும் குடுத்து அனுப்பாத. நானே வந்து தூக்கிட்டுப் போறேன். உன்கிட்ட ரொம்ப நேரம் விட்டு வெச்சா நீ அதைக் கூட்டிக்கிட்டு ஓடிப்போயிருவ.”

புவஸ்ஸாவின் சிரிப்பு கைப்பேசியிலும் கணீரென்று கேட்டது. ஜிலாலி பல்லைக் கடித்தான். அந்த நேரத்தில்தான் சுவரோரத்திலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. சாய்ந்திருந்த மூட்டைக்குள் பார்லி நழுவி இறங்குகிற சத்தம். நாள் முழுக்கக் கடையில் கேட்கிறதுதான். ஆனால் இந்த முற்றத்தில் மூட்டை எதுவும் இல்லை.

கம்பியை எடுத்து விட்டுப் பார்த்தான்.

ஆறு விரல்.

முதலில் தப்பாக அளந்திருப்போம் என்று நினைத்தான். நூல் நழுவியிருக்கும் என்று இழுத்துப் பார்த்தான். அவன் கட்டிய முடிச்சு அசையவில்லை. அதே கம்பியைப் பக்கத்துத் துப்பாக்கியில் விட்டான். நூல் குழல் வாயோடு பொருந்தி நின்றது. துப்பாக்கியைத் திரும்பச் சாத்திவிட்டு, தேநீர் ஊற்றிக் குடிக்காமல், வாசற்படியில் உட்கார்ந்தான். மதிய லுஹர் பாங்கு ஓய்ந்தபின் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஊரே திடலில் இருந்தது. காற்று நின்று வெயில் சுவரில் காய, கழுவிய தண்ணீர் தரையில் உலர்ந்துகொண்டே வர, நாற்றம் மட்டும் குறையாமல் கூடியது. அது கழுவப்படாத அந்த ஒரே குழலிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

நினைக்கக் கூடாது என்றுதான் பார்த்தான். மனசு கேட்கவில்லை. நடுவில் குதிரை மேல் அவன். கையில் வெள்ளிப் பட்டைத் துப்பாக்கி. பெண்கள் குலவையிடுகிறார்கள், ரக்கியா சிரிக்காமல் பார்க்கிறாள், ஹாஜி எழுந்து நிற்கிறார். புவஸ்ஸா எங்கும் இல்லை.

சரசர.

எழுந்துபோய்த் தொட்டான். நிழலில் இருந்த இரும்பு, காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. கம்பி விட்டான். ஒரு சாண். யாரும் வரவில்லை. யாரும் தொடவில்லை. இந்த வீட்டில் அவனைத் தவிர ஆளே இல்லை.

“யா அல்லாஹ்” என்றான், மெதுவாக.

பயம் வந்ததும் பொறாமை கொஞ்சம் விலகியது. எடுத்துவிடுவோம், போதும் என்று திருகுமுள்ளை மாட்டினான். குழலில் தண்ணீர் ஊற்றினான். ஒரு செம்புத் தண்ணீர் உள்ளே போனது. நிறையவில்லை. எங்கும் ஒழுகவும் இல்லை. கம்பியை இறக்கி வலப்பக்கமாகத் திருகினான். முள் எதிலோ ஏறிப் பிடித்தது. மருந்தின் மேல் அடைக்கிற காகிதம் அல்ல. காகிதம் இப்படி இழுபடாது. இன்னொரு சுற்று திருகிவிட்டுக் கையைத் தளர்த்தினான்.

கம்பி இடப்பக்கமாகத் திரும்பியது. தானாக. மெதுவாக, அரைச் சுற்று.

உள்ளங்கையில் அதை உணர்ந்தான்.

விட்டுவிட்டு எதிர்ச்சுவர் வரை பின்னால் போனான். குழல் வாயில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நின்றது. பிறகு வெளியே வந்தது. ஒரு விரல். இரண்டு விரல். உள்ளே இருப்பது அதைத் திருப்பிக் கொடுத்தது. தரையில் விழுந்து உருண்டு அவன் காலருகே நின்றது. முள் காய்ந்திருந்தது. சுத்தமாக இருந்தது.

புவஸ்ஸா வந்ததும் சொல்லிவிடவேண்டும். வேறு வழியில்லை.

வண்டிச் சத்தம் கேட்டபோது அவன் அதே சுவரோரம்தான் நின்றிருந்தான். புவஸ்ஸா வெள்ளை அங்கியும் புதுத் தலைப்பாகையுமாக, அத்தர் மணக்க உள்ளே வந்தான்.

“என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சாப்பிட்டியா இல்லையா?”

“புவஸ்ஸா, இந்தத் துப்பாக்கி...”

“தெரியும், தெரியும். பிரிய மனசு இல்ல.” தோளில் கை போட்டான். “கேளு, ஒண்ணு சொல்லணும். ஹாஜி உன்னை ஓரத்துக்கு மாத்தச் சொன்னாரு. வயசாச்சு, கை நடுங்குதுன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். என் வலப்பக்கத்துல ஜிலாலிதான், வேற எவனும் வரக்கூடாதுன்னுட்டேன். நீ ஒண்ணும் பண்ணவேண்டாம். சும்மா கூட ஓடிவா, போதும்.”

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். திட்டியிருந்தால் ஜிலாலி தாங்கியிருப்பான். இரக்கப்பட்டுவிட்டான், பாவி. பதினேழு வருஷம் கழித்து இந்தச் சின்னப் பயல் பிச்சை போட்ட இடம். வயிற்றில் எரிந்தது நெஞ்சு வரை ஏறியது.

“ஒண்ணுமில்ல மச்சான்” என்றான் ஜிலாலி. “நல்லா சுத்தமா இருக்கு.”

புவஸ்ஸா துப்பாக்கியைத் தூக்கினான். புருவம் சுருங்கியது. “என்ன இவ்வளவு கனமா இருக்கு?”

“எண்ணெய்.”

திடலில் தூசி அடங்காமல் நின்றது. பதினைந்து குதிரைகளும் வரிசைக்கு வந்தன. ஜிலாலி புவஸ்ஸாவின் வலப்பக்கத்தில், முழங்கால் உரச. புவஸ்ஸா இடப்பக்கத்தானோடு வம்பளந்துகொண்டே மருந்தைக் கொட்டினான். காகிதத்தை அடைத்தான். கம்பியை விட்டான். பாதிக்கு மேல் வெளியே நின்றது. அவன் பார்க்கவில்லை. ஜிலாலி பார்த்தான். இப்போதும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஜிலாலி கடிவாளத்தைச் சுருட்டிப் பிடித்தான்.

புவஸ்ஸா கூப்பிட்டான். குதிரைகள் கிளம்பின.

குளம்புச் சத்தம். தூசி. தனக்கு வலப்பக்கம் வருபவனின் மூச்சு. எழுந்தார்கள். குழல்கள் உயர்ந்தன. இரண்டாவது கூப்பாடு.

வெடித்தது.

ஒரே வெடி. பதினைந்தும் ஒன்றாக. இந்தத் திடல் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. புகை மூடியது. ஏதோ சூடாக, ஈரமாக, ஜிலாலியின் இடக்கன்னத்தில் பட்டது. அவனுக்குத் தெரியும். தலைவன் விழுந்தால் அவனுக்கு வலப்பக்கம் வருபவன்தான் கூப்பிட்டு வரிசையைத் திருப்பவேண்டும். அது முறை. மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

கூப்பாடு எழுந்தது.

அவன் வாயிலிருந்து அல்ல. இடப்பக்கத்திலிருந்து. கணீரென்று. என்றைக்கும் இல்லாத அழகோடு.

புகை விலகியது. புவஸ்ஸா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் குழல் நாலாகப் பிளந்து விரிந்திருந்தது. தலைப்பாகை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, தாடைக்கு மேலே, ஒன்றும் இல்லை. குழிவாக, கறுப்பாக, உள்ளேயிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். நடுவர்கள் கையைத் தூக்கினார்கள். ஹாஜி கப்பூர் கண்ணைத் துடைத்தார். இடப்பக்கத்தான் சிரித்தபடி புவஸ்ஸாவின் முதுகில் தட்டினான். “கலக்கிட்டடா.” அவன் நேராக அந்தக் குழியைப் பார்த்துத்தான் சொன்னான். யாருக்கும் தெரியவில்லை. யாருக்குமே.

வரிசை திரும்பி நடந்தது. மறுபடியும் தொடக்கத்தில் நின்றது. புவஸ்ஸா பிளந்த குழலில் மருந்தைக் கொட்டினான். அது குதிரையின் கழுத்தில் கறுப்பாகச் சிந்தியது. கெட்டித்தான். பிறகு தலைப்பாகை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. ஜிலாலியை நோக்கி. நின்றது.

அந்தக் குழிக்குள்ளிருந்து அந்தக் குரல் அவன் பெயரைக் கூப்பிட்டது.

குதிரைகள் கிளம்பின. அவன் குதிரையும்.