லுக்லாவில் இறங்காதவர்கள்

வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்றே நோபேட் கடற்பக்க ஜன்னல்களைச் சாத்தி, திரைச்சீலைகளை ஆணியடித்து இறுக்கினான். கொட்டாஞ்சேனை வீட்டில் பிறிஜெற்றின் உடுப்புகள் அப்படியே தொங்கின. அங்கே இருக்க முடியவில்லை. கிடைத்த இடம் இதுதான்.

பிறிஜெற் அவனுடைய மனைவி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் தாயைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்த விமானம் கடலில் விழுந்தது. ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை.

நோபேட் அழவில்லை. துறைமுகக் கந்தோருக்குப் போனான், வந்தான். வந்ததும் கம்பியூட்டரில் விமானம் ஓட்டினான்.

கடலே தெரியாத இடமாகப் பார்த்துத்தான் ஓட்டினான். கடைசியில் நேபாளத்து மலைகளுக்குள் இருக்கிற லுக்லாவில் வந்து நின்றான். கட்டையான ஓடுபாதை, மேல்நோக்கி ஏறும். முடிகிற இடத்தில் மலை. கிட்டப் போய்விட்டால் திரும்ப எழும்ப வழியில்லை. அந்த உயரத்தில் காற்றுக்கும் பலமில்லை என்பதால், ஆட்களை ஏற்றாமல் வெறும் விமானத்தையே இறக்கப் பார்த்தான்.

ஒவ்வொரு தரமும் மலையில் மோதினான். திரை கறுக்கும். மறுபடி தொடங்குவான். மனதில் ஒன்றும் தோன்றாது.

நாள் போகப் போக விமானம் பாரமாயிற்று. மூக்கைத் தாழ்த்தினாலும் வால்பக்கம் அமிழ்ந்தது. ஆட்கள் நிறைந்ததுபோல் பறந்தது. அறையில் உப்பும், நனைந்து ஊறிய துணியும் மணத்தன. நோபேட் காற்றாடியைக் கூட்டிவிட்டு ஓட்டினான்.

ஒரு ஞாயிறு பின்னேரம், கீழ்மாடியில் இருக்கும் புடைவைக்கடை ஹாஷிம் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒங்கட ஊட்டுக்கு ஆளுகள் வந்தீக்காங்களா?"

"இல்லை நானா. நான் தனியத்தான்."

"அப்ப மேல யாரு கத்துற? டமார் எண்டு ஒரு சத்தம். பொறகு எல்லாரும் கத்துறாங்க. சின்னப் புள்ளைகளும்."

"எப்ப?"

ஹாஷிம் அவன் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். திரையில் விமானம் மலையடியில் நொறுங்கிக் கிடந்தது.

"இப்பதான்."

எத்தனை தரம் மோதினோம் என்று நோபேட் யோசித்துப் பார்த்தான்.

நினைவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ நானா," என்றான். "இந்தமுறை இறக்கிறன்."

பள்ளத்தாக்கு திறந்தது. முகில் விலகியது. ஓடுபாதை விரலளவு தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். அறையில் பலபேர் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

கதிரையின் முதுகை ஒரு ஈரக்கை பற்றியது.

சில்லுகள் நிலத்தைத் தொட்டன. விமானம் மேட்டில் ஏறி, மலைக்கு முன்னால் நின்றது.

யாரும் கத்தவில்லை.

"எறங்கிட்டாங்களா?" வாசலில் நின்ற ஹாஷிம் கிசுகிசுத்தார்.

நோபேட் திரும்பிப் பார்க்கவில்லை. காதோரம் பிறிஜெற் கதைத்தாள். கோபமில்லை, களைப்பு மட்டும்.

"இஞ்சேருங்கோ, இது இரத்மலானை இல்லையே."

அவளுடைய விமானம் வந்திறங்கவேண்டிய இரத்மலானை விமான நிலையத்தில்தான் அவன் அன்றைக்கு இருட்டும்வரை அவளுக்காகக் காத்து நின்றான். அங்கே இறங்குவதென்றால் கடலுக்கு மேலால்தான் வரவேண்டும்.

அவன் வரைபடத்தைத் திறந்து இரத்மலானையைத் தெரிவுசெய்தான். திரை முழுவதும் நீலமாயிற்று.

"யா அல்லாஹ்!" ஹாஷிம் படிகளில் விழுந்தடித்து இறங்கினார்.

நோபேட்டுக்குப் பின்னால், சீற் பெல்ற்றுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.