மாப்பிள்ளை எலி

தட்டில் எந்தக் குழி வேண்டுமானாலும் நிறம் மாறலாம், அவளுடைய குழி மட்டும் மாறக்கூடாது.

அந்தப் பிளாஸ்டிக் தட்டின் கடைசி வரிசையில், மூலைக் குழியில், அவளுடைய சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சொட்டு இருந்தது. வைரஸைச் சந்தித்த ரத்தம் மஞ்சளாகும், சந்திக்காத ரத்தம் தண்ணீராகவே நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சந்திக்காத ரத்தம் ஒரு சொட்டு எல்லாச் சோதனையிலும் வேண்டும். அதற்காக வெளியே ஆள் பிடித்து ஊசி குத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் கையையே நீட்டிவிடுவார்கள். மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான். ஆய்வகத்தில் யாரை நம்பினாலும் நம்பாவிட்டாலும் தன் குழியை அவள் நம்புவாள்.

இன்று அது மஞ்சளாக இருந்தது. எலியின் குழிக்குப் பக்கத்தில் வைத்தால் எது எலி, எது அவள் என்று சொல்ல முடியாத மஞ்சள்.

"கை மாறிப் போட்டிருப்ப," என்றான் ஃப்ரீசர். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன், ஆய்வகப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளன். எதற்கும் அலட்டிக்கொள்ளாத சுபாவத்தால் வந்த பெயர் அது.

"இத்தனை வருஷமா பண்றேன். இன்னைக்கு மட்டும் கை மாறுமா?"

"வயசாகுதுல்ல. மறுபடி போடு."

மறுபடி கையில் குத்தி, புதிதாக ரத்தம் எடுத்துப் போட்டாள். காத்திருக்கும் நேரத்தில் குளிர்ப்பெட்டிகளின் முனகலையும், எலி அறையிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தாண்டி வந்து சேரும் வைக்கோலும் மூத்திரமும் கலந்த வெதுவெதுப்பான வாடையையும், ஸ்பிரிட் நெடி அதை அமுக்கப் பார்த்துத் தோற்பதையும் கவனித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஃப்ரீசர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். நெற்றி கண்ணாடியில் அழுந்தியிருந்தது. மூச்சுப் பட்டு ஒரு வட்டம் பனித்திருந்தது.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. இப்படி நின்னா தலைவலிக்கு இதமா இருக்கு."

தட்டைத்தான் பார்க்கிறான் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது முறையும் மஞ்சள்.

அந்த வைரஸ்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஊர் ஊராக மேடை ஏற்றியதும் வீட்டு அலமாரியைக் கேடயங்களால் நிரப்பியதும் அதுதான். எலிகளைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது என்று அவளே எழுதியிருக்கிறாள். ஒரு கூண்டில் எல்லா எலிக்கும் தொற்றினாலும் ஒன்று மட்டும் நோகாமல் இருக்கும். தின்னும், தூங்கும், கொழுக்கும். மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்தது போல இருப்பதால் அதற்கு மாப்பிள்ளை எலி என்று பெயர். மாப்பிள்ளையின் ரத்தம் மஞ்சளாகிற அன்றைக்கே மற்ற எலிகள் தின்பதை நிறுத்திவிடும். மாப்பிள்ளையை வேறு கூண்டுக்கு மாற்றினாலும் அது இருக்கும் பக்கமாகத் திரும்பி, நெற்றியைத் தடுப்பில் அழுத்தி, பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு நிற்கும். நின்றபடியே சாகும்.

ஒரே ஒருமுறை தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். எலிகள் முதலில் மாப்பிள்ளையை நக்கின. முன்னங்காலில் ஆரம்பித்து, தாய் குட்டியை நக்கும் அதே நிதானத்தோடு. சண்டை இல்லை, கத்தல் இல்லை. கடைசியில் ஈர வைக்கோல்தான் மிச்சம். தின்ற எலிகள் பிழைத்தன. அவற்றின் ரத்தமும் மஞ்சளாகியிருந்தது. பின்னால் நின்ற சின்னக் குட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அது மட்டும் செத்தது. 'நெருங்கிய தொடர்புக்குப் பின் எதிர்ப்புச் சக்தி உண்டானது' என்று அவள் கட்டுரையில் எழுதினாள். பொய் இல்லை. அதைவிட நெருங்கிய தொடர்பு வேறு என்ன இருக்கிறது?

வீட்டுக்குப் போகாதே என்று புத்தி சொன்னது. ஆனால் ரத்தம் மஞ்சளாகும்போது உடன் இருந்தவர்களுக்குத் தொற்றி முடிந்திருக்கும், இனிமேல் தள்ளி நின்று யாரைக் காப்பாற்ற? மனிதருக்கு இது வேறு மாதிரி இருக்கும், ஒன்றுமே ஆகாமலும் போகலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். மாடிப்படியில் எதிரே இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் வழிவிட ஒதுங்கினார். அவள் கடந்து போன பிறகும் அவருடைய காலடிச் சத்தம் கீழே இறங்கவில்லை.

கணவன் ஹாலில் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிறவன். சோபாவில் மகள். சின்ன வகுப்பில் படிக்கிறவள், வாய் ஓயாதவள். இன்று சும்மா உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

"எனக்குச் சளி. யாரும் கிட்ட வராதீங்க," என்றாள் அவள், வாசலிலேயே நின்று.

"டாக்டரம்மாவுக்கே சளியா?" என்று கணவன் சிரித்தான்.

"பாப்பா ஏன் சாப்பிடல?"

"பசிக்கலையாம். எனக்கும் என்னமோ காலைலேருந்து எதுவும் இறங்கல."

மகள் சோபாவிலிருந்து எழுந்தாள். "அம்மா, உன் மேல நல்ல வாசம் வருது."

அவள் நேராகப் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பயம் என்று அதுவரை நினைத்ததெல்லாம் பயமே இல்லை என்று தெரிந்தது.

கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம், எங்கோ ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் பேச்சு, தெருவில் ஒரு வண்டி. ஒவ்வொன்றாக அவை அடங்கிய பிறகு, அதுவரை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது மேலே வந்தது. காலடியில் சர்க்கரை நொறுங்குவது மாதிரி மெல்லிய அரைபடும் சத்தம். அவள் முதுகுப் பக்கத்துச் சுவரிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் அறை.

எழுந்து அலமாரி ஓரமாகப் போனாள். சத்தமும் அலமாரி ஓரமாக வந்தது.

திரும்பிக் கட்டில் முனைக்குப் போனாள். கொஞ்சம் தாமதித்து, அதுவும் வந்தது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "பாப்பா என்ன பண்றா?"

"சுவத்துல சாஞ்சு நிக்கிறா." கணவனின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"நீங்க?"

அவன் யோசித்தான். பல் அரைபட்டது.

"நானும்தான்," என்றான்.

ஃப்ரீசருக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தான். அவள் பேசுவதற்குள் அவனே பேசினான். "கை மாறல. நீ சரியாத்தான் போட்டிருக்க."

"நீ எங்க இருக்க?"

"மாப்பிள்ளை யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றான். அலட்டிக்கொள்ளாத அதே குரல். "கீழ நிக்கிறேன்."

ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஃப்ரீசர் கட்டடத்துச் சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தான். அவனுக்கு அடுத்து காவலாளி. அடுத்து பக்கத்து வீட்டுக்காரர், கையில் காய்கறிப் பையோடு. மகளின் பள்ளி வேனை ஓட்டுகிறவர். வரிசை மூலை திரும்பி மறைந்தது. ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் தள்ளவும் இல்லை.

இங்கிருந்து ஓடலாம். ஓடினால் குழந்தை அந்தச் சுவரிலேயே, நெற்றியைப் பதித்தபடி, சோறு தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோவாள். கதவைத் திறக்கலாம். திறந்தால் எல்லாரும் வருவார்கள், பெரியவர்கள் முன்னால் வருவார்கள். குழந்தைக்கு ஈர வைக்கோல்தான்.

அப்போதுதான் பாப்பா ஜன்னல் ஞாபகம் வந்தது. மகள் பிறந்தபோது, தொட்டிலில் அழுதால் கேட்கட்டும் என்று கணவன் இரண்டு அறைக்கும் நடுவில் தரையோரமாகச் சுவரை உடைத்துச் சின்னதாக ஒரு திறப்பு வைத்திருந்தான். மகள் இன்றும் காலையில் அதன் வழியாகத் தவழ்ந்து வந்து அவளை எழுப்புவாள். பெரியவர்கள் நுழைய முடியாது. மரக்கதவு, தாழ்ப்பாள் இந்தப் பக்கம்.

அவள் தரையில் மண்டியிட்டு அதன் மேல் வாய் வைத்துப் பேசினாள். "என்னங்க. என் கட்டுரைல அந்தக் கூண்டு ஞாபகம் இருக்கா? அந்தச் சின்னக் குட்டி?"

அரைபடும் சத்தம் ஒரு நொடி நின்றது. "நான்தானே படம் வரைஞ்சேன்."

"பாப்பாவ மட்டும் அனுப்புங்க."

அந்தப் பக்கம் பல் மறுபடி அரைபட ஆரம்பித்தது.

"சரி," என்றான். "சீக்கிரம் தாழ்ப்பாளப் போட்டுடு. என்னால ரொம்ப நேரம் முடியாது."

திறந்தாள். மகளின் தலை வந்தது, தோள் வந்தது. பின்னாலிருந்து அவளைத் தள்ளிவிட்ட கையில் பென்சில் கரி. குழந்தை முழுசாக உள்ளே வந்த பிறகும் அந்தக் கை போகவில்லை. தரையில் விரல்களைப் பரப்பி, அவளை நோக்கி ஊர்ந்து வந்தது. பாதியில் நின்றது. தானாகவே பின்வாங்கியது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தப் பக்கம் நெற்றி மரத்தில் இடித்தது. மறுபடி இடித்தது.

குழந்தை அவள் மடியில் உட்கார்ந்தாள். கண் அவளைப் பார்க்கவில்லை.

இடது கைச் சட்டையை மடித்துவிட்டு நீட்டினாள். ஊசி குத்திக் குத்திப் பழகிய கை.

நாக்கு மணிக்கட்டில் பட்டது. சூடாக இருந்தது. நிதானமாக நக்கினாள்.

பிறகு பல்.

அவள் கத்தவில்லை. இன்னொரு கையால் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சாப்பிடு கண்ணு. சாப்பிடு. காலையிலிருந்து சாப்பிடவில்லையே.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அறை இருட்டிவிட்டது. தரை ஈரம்.

குழந்தை நிமிர்ந்தாள். கண் தெளிந்திருந்தது. தூங்கி எழுந்தவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது," என்றாள். பிறகு, "உன் கைக்கு என்னம்மா ஆச்சு?"

பிழைத்துவிட்டாள். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"அம்மா, கை எங்கம்மா?"

குழந்தை பின்னால் நகர்ந்தாள். தன் வாயைத் துடைத்தாள், துடைத்த விரல்களைப் பார்த்தாள். அழுதுகொண்டே எழுந்து தெருப்பக்க ஜன்னலுக்கு ஓடினாள்.

மரக்கதவில் நெற்றி இடிப்பது நின்றது.

அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அசையவே இல்லை.

ஆனாலும் சத்தம் நகர்ந்தது. சுவரோரமாக மெல்ல மெல்ல ஜன்னலை நோக்கிப் போனது. கீழே தெருவிலும் செருப்புகள் தேய்ந்தன. பாதிச் சத்தம் அவளிடமே நின்றது. மீதிப் பாதி, குழந்தை எங்கே போனாலும், பின்னாலேயே போனது.