முதுகு காட்டாத முகம்

போன் அலறியது.

நாவற்குடாவில், தன் ஸ்டூடியோவில், ஒரு மணப்பெண்ணின் கன்னத்தைக் கணினியில் வெளுப்பாக்கிக்கொண்டிருந்த நிலோஜன் எடுத்தான்.

"நிலோஜன் அண்ணன்... நிஸ்மியா பேசுறன். ராத்தாட ஸ்கூட்டி வாவிக்கரையில கிடக்கு. செருப்பும் கிடக்கு."

"ஸாதியா அக்கா?"

"ஆளக் காணல்ல. நேத்து ரெண்டு பேர் சிவில் உடுப்புல வீட்ட வந்தாங்க. ராத்தாட போட்டோவக் காட்டி விசாரிச்சாங்க. அத ஆர் எடுத்ததெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.

அவன்தான்.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஒருசேரப் பிடிக்காத கவிதைகளை எழுதும் கூட்டம், ஸாதியாவும் அவனும் இருந்த கூட்டம். மேய்ச்சல் தரைக்காகக் கொடி பிடிக்கும் கூட்டமும் அதுதான். வவுணதீவு வயல் வட்டைக்குள் ஒரு வாடிக் குடிசையில் கூடுவார்கள். போன்களையெல்லாம் ஒரு பானைக்குள் போட்டு மூடிவிடுவார்கள். ஒரே கெமரா, நிலோஜனுடையது. ஒரே சட்டம்...

முதுகை மட்டும் எடு.

"திரும்புங்க" என்பான். எல்லோரும் திரும்புவார்கள். க்ளிக்.

ஆனால் ஒருநாள் ஸாதியா கவிதை வாசிக்கும்போது முகத்தில் வெயில் விழுந்தது. அவன் சொல்லாமல் எடுத்தான். அவளைக் கேட்காமலே கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பினான். சுவர் நிறைய அவள் முகம். இவனுக்குப் பரிசு.

மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

கரையில் ஸ்கூட்டி சாய்ந்து கிடந்தது. இரண்டு தோணிகள் தடி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தன.

"தம்பி ஆரு? பேப்பர்காரரா?" என்றார் ஒரு மீனவர். "படம் எடுக்கிற எண்டா எடுங்க."

நிலோஜனுக்கு வாவிக்குள் குதிக்கலாம் போலிருந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

ஸ்டூடியோ வாசலில் வினாயகமூர்த்தி காத்து நின்றார். போராட்டங்களில் மெகாபோன் பிடிப்பவர். கூட்டத்துக்கே அண்ணன்.

"வாங்க, பரிசெடுத்த கலைஞரே."

"அண்ணன்..."

"உன்ட ஒரு படத்தால ஒரு பிள்ள போயிட்டு. வெக்கமா இல்லயாடா?"

நிலோஜன் கதவைத் திறந்தான்.

உள்ளே வந்ததும் வினாயகமூர்த்தி கதவைச் சாத்தினார். தன் போனை மேசையில் வைத்துவிட்டுக் கை நீட்டினார்.

"களவா மத்த ஆக்களுட முகத்தயும் எடுத்திருப்பாய். ஓமா, இல்லயா?"

"ஓம் அண்ணன்."

"மெமரி காட்டத் தா. எரிச்சிர்றன்."

கொடுத்துவிட்டால் பாரம் குறையும். மெமரி காட்டைக் கணினியில் செருகினான். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு...

முதுகுகள். முதுகுகள். முதுகுகள்.

ஓரத்தில் ஒரு சிரிப்பு.

அடுத்த படம். முதுகுகள். அதே ஓரம். அதே சிரிப்பு.

பயமில்லாத மனிசன் என்று வினாயகமூர்த்தியை இதுவரை நினைத்திருந்தான். வெளியே கொடுக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவான். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்களே! பிடிபட மாட்டோம் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நிலோஜன் மெல்லக் கெமராவைத் தூக்கினான்.

"அண்ணன்... திரும்புங்க."

வினாயகமூர்த்தி கெமராவைப் பார்த்தபடியே கொலரைச் சரிசெய்தார். பழக்கதோஷம். சிரித்தும்விட்டார்.

"ஸாதியா அக்காவத் தேடுற நேரத்தில சிரிப்பு வருதா அண்ணன்?"

சிரிப்பு உறைந்தது.

மேசையில் இருந்த போன் அலறியது. திரையில் 'கேஸ் கடை' என்று விழுந்தது. அவர் பாய்வதற்குள் நிலோஜன் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"மூர்த்தி, காட் எடுத்ததா?" பழகாத தமிழ். அதட்டும் குரல். "அந்தப் பொம்பிள போனா போகட்டும். மத்த மூஞ்சி எல்லாம் எனக்கு வேணும்."

இணைப்பு அறுந்தது.

"கேஸ் கடைக்கு எதுக்கு அண்ணன் எங்கட முகம்?"

"அது நான் கேட்க வேண்டிய கேள்வி, தம்பி" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

மேக்கப் அறைத் திரை விலகியது.

ஸாதியா!

காலில் செருப்பில்லை. கரையின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

வினாயகமூர்த்தி ஓரடி பின்வாங்கினார். "மகள்... நான் உங்கட நன்மைக்குத்தான்..."

"வாசல்ல நிஸ்மியா போனோட நிக்கா. லைவ் போகுது. அங்க போய்ச் சொல்லுங்க."

அவர் கதவைத் திறந்தார். பார்த்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார். அந்த முகம் கெமராவுக்கு ஒளிந்தது அன்றுதான்.

நிலோஜனுக்கு மூச்சு வந்தது. "எப்பிடி அக்கா உள்ளுக்கு..."

"நீ என்னத் தேடிக் கரைக்குப் போன நேரம், பின்கதவால."

"அவரப் பிடிக்கவா?"

"உன்ன."

அவன் திடுக்கிட்டான்.

"முகத்த வெளிய விட்டவன் நீதானே. அப்ப காட்டிக் குடுக்கிறவனும் நீதான் எண்டு நினைச்சன். நான் செத்தா நீ அந்தக் காட்ட ஆருக்குக் குடுப்பாயெண்டு பார்க்க வந்தன்."

"நான் உளவாளி இல்ல அக்கா."

"இல்ல. அதுக்காக நல்லவனெண்டு ஆரும் சொல்லல்ல. உனக்குக் கைதட்டல் வேணுமெண்டு என்ட முகத்தக் குடுத்தாய். இனி நான் எந்த ஊருல முகத்த ஒளிக்கிற?"

காட்டைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் மேசையில் கிடந்த சாவணக் குறட்டால் அதை இரண்டாக உடைத்தாள். பிறகு அவனுடைய கெமராவைத் தூக்கினாள். லென்ஸ் நேராக அவன் முகத்தைப் பார்த்தது.

பார்க்க முடியவில்லை.

நிலோஜன் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லத் திரும்பி நின்றான்.

"அசையாத தம்பி" என்றாள் ஸாதியா. "இப்பதான் நீ எங்கட கூட்டத்து ஆள் மாதிரி இரிக்கிறாய்."

க்ளிக்.